தூண்டில்கோலும் ஈட்டியும்: மஸ்கி மீன்பிடிப்பு குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

1

மின்னியாபொலிஸில் வேலை பார்க்கும் என் மைத்துனன் ஒரு அக்டோபர் மாதம் என்னை வடக்கு விஸ்கான்சினுக்கு அழைத்துப் போனான். மஸ்கி மீன் பிடிக்க வேண்டும் என்பது அவனுக்குப் பல வருஷத்து ஆசை. ஹேவர்ட் என்ற சிறு ஊருக்குப் போகிற வழியில் ஒரு கடையில் வண்டியை நிறுத்தினான். சுவர் முழுக்கத் தூண்டில்கோல்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் கைக்கடிகாரம் மாதிரி அடுக்கி வைத்த ரீல்கள். "உயிர் இரை போட்டு மஸ்கி பிடிக்கணும் அத்தான். எந்தக் கோல், எந்த ரீல்? நீங்க ஒண்ணு சொல்லுங்க" என்றான். எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும். சும்மா வம்புக்குக் கேட்டது.

கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். மஸ்கி நான்கு அடிக்கு மேல்கூட வளரும் வேட்டை மீன். இலையுதிர் காலத்தில் அதற்கு இரையாகப் போடுவது சக்கர் என்ற மீனை, உயிரோடு. இரை மீனே ஒரு அடிக்கு மேல் நீளம், அரைக்கிலோ கனம். இதைக் குட்டையான விறைத்த கோலால் வீசினால் முள்ளிலிருந்து பிய்த்துக்கொண்டு போய்விடும். அதனால் எட்டரை, ஒன்பது அடி நீளக் கோல் வேண்டும். அடிப்பாகம் உறுதியாகவும் நுனி இளகியும் இருக்க வேண்டும். நீளக் கோலுக்கு இன்னொரு பயனும் உண்டு: மீன் கவ்வியதும் தளர்ந்து கிடக்கும் தங்கூசியை ஒரே இழுப்பில் விறைக்க வைக்கலாம். ரீல் பெரிதாக, உருளை வடிவில் இருக்க வேண்டும். அதில் 'கிளிக்கர்' இருந்தாக வேண்டும். உருளையைத் தளரவிட்டு கிளிக்கரைப் போட்டு வைத்தால், இரையை மீன் தூக்கிக்கொண்டு ஓடும்போது டிக் டிக் டிக் என்று சத்தம் வரும். 80 பவுண்டு தாங்கும் பின்னல் தங்கூசி, பல்லுக்கு அறுபடாத கம்பித் துண்டு. அவ்வளவுதான்.

இந்த விடை சரியான விடை. இதில் குறை சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. ஆனால் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றபோது என்னை உறுத்தியது வேறு. எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியை அந்தச் சுவர் ஏற்கனவே பாதி முடித்து வைத்திருந்தது. அங்கே நூறு வகைக் கோல் இருந்தது. ஈட்டி ஒன்றுகூட இல்லை. அந்த ஏரிகளில் மஸ்கியை ஆயிரக்கணக்கான இரவுகளில் பிடித்தது ஈட்டிதான். தெரிவு என்று நாம் சொல்வதெல்லாம், விலக்கப்பட்டவை விலக்கப்பட்ட பிறகு மிஞ்சுகிற இடத்தில்தான் நடக்கிறது. இந்த விலக்கலின் வரலாற்றைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

2

பெயரிலிருந்து தொடங்கலாம். மஸ்கெலஞ்ச் என்ற முழுப்பெயர் ஒஜிப்வே மொழியின் 'மாஷ்கினோஷே' என்ற சொல்லிலிருந்து வந்தது. 'கினோஷே' என்றால் பைக் மீன். முன்னொட்டு அதை அசிங்கமான பைக் ஆக்குகிறது. பிரெஞ்சுக்காரர்கள் காதில் இது 'நீண்ட முகமூடி' என்று விழுந்தது. தங்கள் மொழியிலேயே அதற்கு வேர் கண்டுபிடித்துக்கொண்டார்கள். பிறகு ஆங்கிலேயர், பிறகு அமெரிக்கர். கடைசியில் 1955-இல் விஸ்கான்சின் அதைத் தன் மாநில மீனாக அறிவித்தது. ஒரு மீன் எப்படிக் கைமாறுகிறது என்பதற்கு இதுவே போதும்.

கருவியின் கதையும் இப்படிக் கைமாறின கதைதான். இன்று 'பெய்ட்காஸ்டர்' என்று சொல்லப்படும் ரீல் வகையின் மூதாதை, 19-ஆம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் கென்டக்கி மாநிலத்துப் பாரிஸ் என்ற ஊரில் பிறந்தது. ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரக்காரர் செய்தார். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் உருளை பல சுற்று சுற்றும்படி பல்சக்கரம் வைத்தார். அவருக்குப் பின் வந்த மீக் சகோதரர்களும் கடிகாரக்காரர்களே. எதற்காக இந்த நுட்பம்? உயிருள்ள சிறு மீனை இரையாக வீசுவதற்காக. ஆக, கண்ணாடிப் பெட்டிக்குள் ரீலைக் கைக்கடிகாரம் மாதிரி அடுக்கி வைத்திருந்தது தற்செயல் இல்லை. அது கடிகாரத்தின் தம்பி.

கோலின் கதையில் நம்முடைய துறைமுகம் ஒன்று வருகிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கக் கைவினைஞர்கள் மூங்கிலைக் கீற்றுக்கீற்றாகப் பிளந்து ஒட்டிக் கோல் செய்யத் தொடங்கினார்கள். பென்சில்வேனியாவில் சாமுவேல் ஃபிலிப்பி, பிறகு ஹைராம் லெனார்ட். அவர்கள் பயன்படுத்தியது 'கல்கத்தா மூங்கில்'. கல்கத்தாவில் கப்பலேறியதால் அந்தப் பெயர். தண்டில் தீயால் சுட்ட தழும்புகள் இருக்குமாம். வாங்குகிறவர்கள் அந்தத் தழும்பைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்வார்களாம். அதை வெட்டியவன் யார், சுட்டவன் யார், என்ன கூலி என்பது கோலின் வரலாற்று நூல்களில் கிடையாது. செய்தவன் பெயர் உண்டு, வெட்டியவன் பெயர் இல்லை. 20-ஆம் நூற்றாண்டு தொடங்குகிற சமயத்தில் கல்கத்தா மூங்கிலின் இடத்தை 'டோன்கின்' மூங்கில் பிடித்தது. உண்மையில் அது தென்சீனத்து மூங்கில். 1950-இல் சீனாவோடு வணிகத்துக்கு அமெரிக்கா தடை போட்டதும் மூங்கில் வரத்து நின்றது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் வந்திருந்த கண்ணாடியிழைக் கோல்கள் சந்தையை எடுத்துக்கொண்டன. 1970-களில் விமானத் தொழிலிலிருந்து கார்பன் இழை வந்தது. 1990-களில் குண்டு துளைக்காத சட்டைக்குப் பயன்படும் அதே வகை இழையிலிருந்து பின்னல் தங்கூசி வந்தது.

காலனிய வணிகம், பனிப்போர், ராணுவத் தொழில்நுட்பம்: இவை மூன்றும் சேர்ந்துதான் என் மைத்துனன் கையில் எடுத்துப் பார்த்த அந்த ஒன்பது அடிக் கோல். இதையெல்லாம் சொன்னபோது, "தூண்டில் வாங்கக் கூப்பிட்டா வரலாறு வாங்கிட்டு வர்றீங்களே அத்தான்" என்றான். இந்த மாற்றங்களைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். மூங்கிலிலிருந்து கார்பனுக்கு வந்த இந்தப் பயணத்தை யாரும் மோசடி என்று சொன்னதில்லை. வளர்ச்சி என்றே சொன்னார்கள்.

3

மீன்பிடிப்பில் 'விளையாட்டு' என்ற கருத்தாக்கம் எப்போதுமே ஒரு எதிர்நிலையை வைத்துத்தான் தன்னைக் கட்டமைத்துக்கொண்டது. விளையாட்டாகப் பிடிப்பவன் ஒருபுறம், வயிற்றுக்காகப் பிடிப்பவன் மறுபுறம். இங்கிலாந்தில் இந்தக் கோடு சட்டமாகவே இருந்தது. 1723-இன் கறுப்புச் சட்டத்தைப் பற்றி ஈ.பி. தாம்ப்ஸன் எழுதியதை வாசித்தவர்களுக்குத் தெரியும்: காட்டில் மானும் குளத்தில் மீனும் எடுத்த எளிய மனிதர்களைத் தூக்குமேடைக்கு அனுப்புவதற்கு ஒரு நாடாளுமன்றம் தயங்கவில்லை. அமெரிக்காவில் பிரபுக்கள் இல்லை என்பார்கள். கருவியே அங்கே பிரபுத்துவத்தின் வேலையைச் செய்தது. ஈக்கோல் வைத்திருப்பவன் மேலே, போலி இரை வீசுபவன் அதற்குக் கீழே, உயிர் இரை போடுபவன் அதற்கும் கீழே. வலையும் ஈட்டியும் இந்த ஏணியிலேயே கிடையாது. அவை 'திருட்டு'.

வடக்கு விஸ்கான்சின் ஒஜிப்வேக்களின் நிலம். (செவ்விந்தியர் என்று நாம் எழுதிப் பழகிவிட்டோம். கொலம்பஸ் செய்த தப்பை நாம் ஏன் சுமக்க வேண்டும்?) 1837-இலும் 1842-இலும் அவர்கள் அமெரிக்க அரசோடு செய்த உடன்படிக்கைகளில் நிலம் போனது. அரசுக்கு வேண்டியிருந்தது பைன் மரமும் தாமிரமும். ஆனால் அந்த நிலத்திலும் ஏரிகளிலும் வேட்டையாடவும் மீன் பிடிக்கவும், 1837 உடன்படிக்கையின்படி காட்டரிசி சேகரிக்கவும் தங்களுக்குள்ள உரிமையை அவர்கள் எழுதி வாங்கினார்கள். அதாவது, மீனைப் பற்றிய பேச்சு அவர்களுக்கு அன்றைக்கே அரசியல் பேச்சு.

மரம் வெட்டித் தீர்ந்ததும் மொட்டைக் காடு மிஞ்சியது. ரயில் கம்பெனிகள் சிகாகோவிலிருந்து மீன் பிடிக்க ஆட்களை ஏற்றி வந்தன. ஏரிக்கரைகளில் விடுதிகள் முளைத்தன. அந்த விடுதிகளில் படகு வலிக்கவும் மீன் எங்கே கிடக்கும் என்று காட்டவும் ஒஜிப்வே ஆண்களை வேலைக்கு வைத்தார்கள். இந்தக் காட்சியை நிதானமாகப் பாருங்கள். ஏரியை அறிந்தவன் துடுப்புப் போடுகிறான்; கோலைப் பிடித்திருப்பவன் சிகாகோக்காரன். பகலில் இப்படி அழைத்துப் போகிறவன் இரவில் தனக்காக ஈட்டியெடுத்துப் போனால் அவன் குற்றவாளி. 1908-இல் மாநில உச்ச நீதிமன்றம் ஒரு ஒஜிப்வே மீனவர் வழக்கில், விஸ்கான்சின் மாநிலமானபோதே அந்த உடன்படிக்கை உரிமை அழிந்துபோயிற்று என்று தீர்ப்புச் சொன்னது. அவர்கள் அறிவு வேண்டும், உரிமை வேண்டாம்.

லக் டு ஃப்ளாம்போ என்று ஒரு ஊர் இருக்கிறது. பிரெஞ்சில் தீப்பந்த ஏரி என்று பொருள். பந்தம் கொளுத்திப் படகில் நின்று ஈட்டியால் மீன் குத்துவதைப் பார்த்துத்தான் அந்தப் பெயர் வைத்தார்கள். ஊரின் பெயரே சாட்சி சொல்கிறது. அந்தச் சாட்சியை எந்த நீதிமன்றமும் முக்கால் நூற்றாண்டு காலம் காதில் வாங்கவில்லை.

4

நாங்கள் போனது சிப்பேவா ஃப்ளோயேஜ் என்ற நீர்த்தேக்கத்துக்கு. சுமார் 15,000 ஏக்கர். மஸ்கி பிடிக்கிறவர்களுக்கு அது காசி, ராமேஸ்வரம் மாதிரி. ஏரி என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அது ஏரி இல்லை. 1923 வரை அங்கே ஆறும் பல தனித்தனி ஏரிகளும் இருந்தன. லக்கூடரே ஒஜிப்வேக்களின் கிராமம் இருந்தது. அவர்கள் அதைப் பாக்வாவாங் என்றார்கள், வெள்ளைக்காரர்கள் போஸ்ட் என்றார்கள். மனோமின் என்று அவர்கள் சொல்லும் காட்டரிசி விளையும் சதுப்புகள் இருந்தன. கல்லறைகள் இருந்தன. மின்சாரக் கம்பெனி வின்டர் அணையைக் கட்ட வந்தபோது ஒஜிப்வேக்கள் ஒப்பவில்லை. உரிமம் வாஷிங்டனிலிருந்து வந்தது. 1923-இல் தண்ணீர் ஏறியது. காட்டரிசிக்குத் தண்ணீர் ஆழமாகவும் கூடாது, ஏறி இறங்கவும் கூடாது. இரண்டும் நடந்தது. கல்லறைகளை இடம் மாற்றித் தருவதாகச் சொன்ன கம்பெனி எல்லாவற்றையும் மாற்றவில்லை. எலும்புகள் கரையில் ஒதுங்கின.

இந்தத் தண்ணீருக்குள்தான் மஸ்கி கொழுத்தது. மூழ்கிய காடும் மரக்கட்டைகளும் மிதக்கும் சதுப்புத் தீவுகளும் அதற்குச் சரியான ஒளிவிடம். 1949 அக்டோபரில் லூயி ஸ்ப்ரே என்பவர் இங்கே சக்கர் இரை போட்டு 69 பவுண்டு 11 அவுன்ஸ் எடையுள்ள மஸ்கியைப் பிடித்தார் என்பது பதிவு. ஹேவர்டில் உள்ள நன்னீர் மீன்பிடிப்புப் புகழ்மண்டபம் அதை உலகச் சாதனையாக வைத்திருக்கிறது. சர்வதேசச் சங்கம் ஒன்று இதை ஏற்காமல், அதே 1949-இல் லக்கூடரே ஏரியில் கால் ஜான்சன் பிடித்த 67 பவுண்டு 8 அவுன்ஸ் மீனைச் சாதனை என்கிறது. இரண்டு மீன் பற்றியும் சந்தேகம் கிளப்பி வாதாடுகிறவர்கள் இன்றும் உண்டு. அந்தச் சண்டையில் எனக்கு அக்கறை இல்லை. சண்டை நடக்கும் இரண்டு தண்ணீரும் யாருடையவை என்று அந்தச் சண்டையில் யாரும் கேட்பதில்லை என்பதுதான் என் பிரச்சனை.

இன்னொரு விவரம். அந்தக் காலத்தில் படகருகே வந்த மஸ்கியைத் துப்பாக்கியால் சுடுவது வழக்கம். ஸ்ப்ரேயின் மீனும் சுடப்பட்டதுதான். விஸ்கான்சினில் 1966 வரை அது சட்டப்படி சரி. தூண்டிலில் மாட்டிய மீனைச் சுட்டால் விளையாட்டு. ஈட்டியால் குத்தினால் குற்றம். கருவி எவ்வளவு கொடூரம் என்பதை வைத்து இந்தக் கோடு போடப்படவில்லை என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

1971-இல் அணையின் ஐம்பது வருஷ உரிமம் முடிந்தது. லக்கூடரே மக்களும் அமெரிக்கப் பூர்வகுடி இயக்கத்தினரும் போய் அணையைக் கைப்பற்றி உட்கார்ந்தார்கள். 1974 மார்ச்சில் ட்ரிபிள் சகோதரர்கள் இருவர், அதே நீர்ப்பரப்பைச் சேர்ந்த சீஃப் ஏரியில், ஒதுக்கீட்டு எல்லைக்கு வெளியே உறைபனியில் துளை போட்டு ஈட்டியோடு காத்திருந்தார்கள். கைதானார்கள். குற்றச்சாட்டு: ஈட்டி வைத்திருந்தது, பெயரும் முகவரியும் எழுதி ஒட்டாத பனிக்குடிசையில் இருந்தது. முகவரி! ஐம்பது வருஷத்துக்கு முன்னால் முகவரியைத் தண்ணீரில் மூழ்கடித்தவர்கள் முகவரி கேட்டார்கள்.

அந்த வழக்குதான் 1983 ஜனவரியில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றது. உடன்படிக்கை உரிமை உயிரோடிருக்கிறது என்று தீர்ப்பானது. மின்னசோட்டாப் பக்கத்து வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றமும் 1837 உரிமையை உறுதி செய்தது, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில்.

5

தீர்ப்புக்குப் பின் வந்த வசந்தகால இரவுகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். பனி உருகியதும் வால்ஐ மீன்களும் மஸ்கிகளும் கரையோரம் முட்டையிட வரும். ஒஜிப்வேக்கள் ஈட்டியோடு படகு இறக்கினார்கள். 1980-களின் பிற்பாதியில் தொடங்கி 1991 வரை, படகுத்துறைகளில் நூற்றுக்கணக்கானவர்கள் கூடிக் கத்தினார்கள், கல்லெறிந்தார்கள். 'ஒரு வால்ஐயைக் காப்பாற்று, ஒரு இந்தியனைக் குத்து' என்ற வாசகத்தைத் தூக்கிப் பிடித்தார்கள். அவர்கள் தங்களை இனவெறியர்கள் என்று சொல்லிக்கொள்ளவில்லை. மீன்வளப் பாதுகாவலர்கள் என்றார்கள். 1991-இல் கூட்டாட்சி, மாநில, பழங்குடி நிறுவனங்கள் சேர்ந்து நடத்திய ஆய்வு, ஈட்டியால் மீன்வளம் அழியவில்லை என்றது. ஈட்டிக்காரர்கள் பிடித்த மீன் ஒவ்வொன்றும் துறையிலேயே எண்ணப்பட்டது. தூண்டில்காரர்கள் பிடித்ததை அப்படி யாரும் எண்ணியதில்லை. அதற்கு மதிப்பீடுதான்.

படகுத்துறையில் ஒலித்த வாதங்களில் ஒன்றை மட்டும் தனியே எடுத்துப் பார்க்கணும். 'உடன்படிக்கை உரிமை வேணும்னா 1837-இல இருந்த மாதிரியே பிடி. மரப்பட்டைத் தோணியில போ. மோட்டார் படகு எதுக்கு, ஹாலஜன் விளக்கு எதுக்கு?' கேட்பதற்கு நியாயம் மாதிரி இருக்கும். 1987-இல் இன்னொரு தீர்ப்பில் நீதிமன்றம் இதை நிராகரித்தது. நவீன முறைகளையும் பயன்படுத்தலாம் என்றது. ஆனால் வாதம் சாகவில்லை. ஏனென்றால் அது சட்ட வாதம் இல்லை, காலத்தைப் பங்கு போடும் வாதம். இப்போது அந்தக் கோலின் கதையை நினைத்துப் பாருங்கள். கல்கத்தா மூங்கில், சீன மூங்கில், கண்ணாடியிழை, கார்பன். கடிகாரக்காரர் செய்த ரீலிலிருந்து கிளிக்கர் வைத்த ரீல் வரை. தூண்டில்காரனுக்குக் காலம் ஓடலாம், அது வரலாறு. ஈட்டிக்காரனுக்குக் காலம் 1837-இலேயே நிற்க வேண்டும். ஒரு அடி நகர்ந்தால் ஏமாற்று. விளிம்புநிலை மக்களிடம் 'அசலாக இரு' என்று மையம் கேட்பதன் அரசியல் இதுதான். நம் பக்கத்து உதாரணங்களை இங்கே அடுக்கப் போவதில்லை. இதழின் வாசகர்களுக்கு அவை வேண்டிய மட்டும் தெரியும்.

இதே பண்பாட்டின் இன்னொரு பொருளுக்கு நேர்ந்ததையும் பார்க்க வேண்டும். பனிக்குடிசையில் ஈட்டிக்காரன் படுத்துக்கொண்டு, மரத்தில் செதுக்கிய ஒரு போலி மீனைத் துளைக்குள் ஆட்டி மஸ்கியை வரவழைப்பான். லக் டு ஃப்ளாம்போவில் செய்த அந்த மர மீன்கள் இன்று நாட்டுப்புறக் கலையாகச் சேகரிப்பாளர்களிடம் நல்ல விலைக்குப் போகின்றன. மர மீன் கண்ணாடிப் பெட்டிக்கு. ஈட்டி நீதிமன்றத் தடயப் பொருளாக.

6

கடைசியாக உயிர் இரையின் கதை. பழைய முறை ஒற்றை முள். சக்கரின் உதட்டில் ஒரு முள்ளைக் கோத்து விடுவார்கள். மஸ்கி கவ்விய பிறகும் காத்திருப்பார்கள். அது இரையைத் திருப்பி முழுசாக விழுங்கும் வரை ஒன்றிரண்டு சிகரெட் பிடிக்கிற நேரம். பிறகு இழுத்தால் முள் வயிற்றில் மாட்டும். மீனைக் கொன்று எடுத்துப் போன காலத்தில் இது யாருக்கும் பிரச்சனையாக இல்லை. 1966-இல் மின்னசோட்டாவில் 'மஸ்கீஸ் இன்க்' என்ற அமைப்பு தோன்றியது. பிடித்த மீனைத் திரும்ப விடும் பழக்கத்தை இயக்கமாகவே அது பரப்பியது. விட்ட மீன் நீந்திப் போகும். ஆனால் வயிற்றில் முள்ளோடு போன மீன்களை விஸ்கான்சின் உயிரியலாளர்கள் தொடர்ந்து கவனித்தபோது, அவற்றில் பெரும்பாலானவை ஒரு வருஷத்துக்குள் செத்துப்போயிருந்தன. இரக்கம் காட்டிவிட்ட திருப்தியோடு மனிதன் வீட்டுக்குப் போகிறான். மீன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சாகிறது. இதற்கு மாற்றாக வந்தது உடனே இழுக்கும் அமைப்பு: இரையின் முதுகோரம் இரண்டு மும்முள்கள், கிளிக்கர் சத்தம் கேட்டதும் காத்திருக்காமல் இழுக்க வேண்டும், முள் வாயில் மாட்டும். நீளக் கோல் வேண்டும் என்று கடைக்காரர் சொன்னதன் முழு அர்த்தம் இங்கேதான் இருக்கிறது.

பிடித்து விடுவதைப் பற்றி ஒஜிப்வேக்களில் பலர் வேறு மாதிரி பேசுகிறார்கள். சாப்பாட்டோடு விளையாடாதே என்பது அவர்கள் கட்சி. அவர்களை நான் புனிதப்படுத்தவில்லை. அவர்களிலும் கோலும் ரீலும் வைத்துப் பிடிப்பவர்கள் ஏராளம். பழங்குடி நிர்வாகமே குஞ்சுப் பண்ணை வைத்து ஏரிகளில் மீன் விடுகிறது. சக்கர் மீனைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். தூண்டில்காரர்களின் பேச்சில் அது மட்டமான மீன், இரைக்குத்தான் ஆகும். ஒஜிப்வே மொழியில் பிப்ரவரி மாதத்தின் பெயரே 'நமெபினி கீஸிஸ்', சக்கர் நிலவு. குளிரில் வேறெதுவும் கிடைக்காதபோது அந்த மீன் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. எங்கள் படகில் ஒரு வாளித் தண்ணீரில் ஆறு சக்கர்கள் நீந்திக்கொண்டிருந்தன.

என் மைத்துனன் ஒன்பது அடிக் கோலும் கிளிக்கர் வைத்த பெரிய ரீலும் வாங்கினான். உடனே இழுக்கும் முள்ளமைப்பையும் வாங்கச் சொன்னேன். அது மட்டும் என் தெரிவு. இரண்டு நாள் அந்தத் தண்ணீர் மேல் இருந்தோம். மஸ்கி கிடைக்கவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரே ஒரு தடவை கிளிக்கர் நாலைந்து முறை டிக்கடித்து நின்றது. "கட்டையில மாட்டியிருக்கும் அத்தான்" என்றான். இருக்கலாம். கீழே நிறையக் கட்டைகள். கட்டைகள் மட்டும்தான் என்று சொல்ல முடியாது. தங்கூசியை வெட்டாமல் மெதுவாகச் சுற்றி எடுக்கச் சொன்னேன். ஏன் என்று அவன் கேட்டான். வண்டியில் திரும்பி வரும்போது 1923-இலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன்.